இரண்டு ஸ்லிங்குக்கு நடுவே ஐந்து நிமிடம்

மார்பில் ஆபரேஷன் முடிந்து சென்னையிலிருந்து கிளம்பும் நாளில் பிசியோதெரபிஸ்ட் பெண் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். தாளில் ஆறு பொம்மைப் படங்கள். ஒரு பொம்மை கையைத் தூக்கியது, ஒன்று நாற்காலியிலிருந்து எழுந்தது, ஒன்று நடந்தது. கீழே தினமும் முப்பது நிமிடம் என்று எழுதிப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முப்பது நிமிஷம் யாருட்ட இருக்கு?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "மூணு பத்தாப் பிச்சுக்கோங்க. அதுவும் முடியலன்னா ஆறு அஞ்சாப் பிச்சுக்கோங்க. ஆனா விட்றக் கூடாது" என்றாள்.

பிய்த்துக்கொள்வது என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. என் பிழைப்பே அதுதான். போர்ட் பிளேரில் ஹேடோ துறைமுகத்தில் நான் டாலி கிளார்க். மெயின்லேண்டிலிருந்து வரும் சரக்குக் கப்பலுக்குள்ளிருந்து கிரேன் மூட்டைகளைத் தூக்கி வெளியே வைக்கும். ஒரு பெரிய கயிற்று வலை, அதில் இருபது முப்பது மூட்டை. அந்த வலையோடு சேர்ந்த சுமையைத்தான் ஸ்லிங் என்போம். ஸ்லிங் தரையில் இறங்கியதும் நான் மூட்டைகளை எண்ணித் தாளில் கோடு போடுவேன். நாலு கோடு நின்றவாக்கில், ஐந்தாவது குறுக்கே. காலி வலை மறுபடி கப்பலுக்குள் போய், ஆட்கள் அடுக்கி, அடுத்த சுமை என் முன்னால் இறங்க நாலைந்து நிமிடம் ஆகும். இருபத்திரண்டு வருடமாக அந்த நாலைந்து நிமிடங்களில்தான் டீ குடித்திருக்கிறேன், மகனின் வாத்தியாரிடம் போனில் கெஞ்சியிருக்கிறேன், கீரை ஆய்ந்திருக்கிறேன், லாரிக்காரர்களோடு சண்டை போட்டு முடித்துமிருக்கிறேன். ஆறு பொம்மைகளை அதற்குள் அடக்க முடியாதா என்ன?

அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லி அனுப்பினாள். அதுதான் முக்கியம்.

"ஆறு கீமோவையும் உங்க ஊர்லயே போட்டுக்கப் போறீங்க. அது முடிஞ்சதும் ரேடியேஷனுக்கு இங்க வருவீங்க. அப்போ டேபிள்ல படுத்து, இந்த இடது கையைத் தலைக்கு மேல தூக்கி வைக்கணும். வச்சுட்டு அசையாம இருக்கணும். கை போகலைன்னா மெஷின்ல படுக்க வைக்க முடியாது. கை வர்ற வரைக்கும் தேதி தள்ளிப்போகும்."

அன்றைக்கு என் இடது கை தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அக்குளுக்குள் யாரோ கயிற்றை இழுத்துக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. தேதி தள்ளிப்போவது என்றால் என்னவென்று தீவுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கப்பல் தள்ளிப்போகும், மழை வந்தால் விமானம் தள்ளிப்போகும், வடக்கே திக்லிபூரிலிருந்து வரவேண்டிய ஆள் நாளைக்கு என்பார், நாளை மறுநாள் வருவார். எல்லாவற்றுக்கும் காத்திருந்து பழகியவர்கள் நாங்கள். ஆனால் இந்த நோய் எனக்காகக் காத்திருக்காது. டாக்டரும் கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் நடுவில் ரொம்ப இடைவெளி விடக் கூடாது என்று சொல்லியிருந்தார். எனக்கு இருந்தது நாலரை மாதம். அதற்குள் கை மேலே போயாக வேண்டும்.

மருந்து ஏற்றிய பின் முதல் வாரம் லீவு. இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் அடுத்த இரண்டு வாரம் வேலைக்குப் போகலாம், முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும், கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று போர்ட் பிளேர் டாக்டர் அனுமதித்தார். எங்கள் ஃபோர்மேன் இராமநாதபுரத்துக்காரர். என்னைக் கப்பல் ஏணி ஏற விடாமல், ஷெட் பக்கமாக உட்கார வைத்தார். முடி கொட்டிவிட்டதில் ஹெல்மெட் தலையில் சுற்ற ஆரம்பித்தது. பின்னால் உள்ள பட்டையை இரண்டு துளை இறுக்கிக்கொண்டேன்.

ஹேடோவிலும் சரி, நாங்கள் குடியிருக்கும் டெய்ரி ஃபார்மிலும் சரி, என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மருந்துதான் சொன்னார்கள்: ரெஸ்ட் எடுங்க. எதிர்வீட்டு அம்மா இளநீரோடு வந்து ரெஸ்ட் எடுங்க என்பாள். இளநீரை வாங்கிக்கொண்டு மற்றதை வாசலிலேயே விட்டுவிடுவேன். களைப்பு இல்லை என்று சொல்லவில்லை. அது சாதாரணக் களைப்பே இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாது. சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்ட நாள் உண்டு. ஆனால் படுத்தே கிடந்தால் அது கூடுகிறது, கொஞ்சம் நடந்தால் குறைகிறது என்பதை முதல் கீமோவிலேயே கண்டுபிடித்துவிட்டேன். டாக்டரும் அதையே சொன்னார். காய்ச்சல் நாளிலும் தலைசுற்றும் நாளிலும் மட்டும் சும்மா இருக்கச் சொன்னார். மற்ற நாளில் ஐந்து நிமிடமாவது நடக்க வேண்டும்.

ஆகவே நாளைப் பிய்த்தேன். காலையில் பால் பொங்கும் வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. ஐந்து முறை முடியும்போது பால் பொங்கும். பத்து முறை செய்ய வந்தபோது பால் அடுப்பில் வழிந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும் ஊர் எங்களுடையது. முன்பெல்லாம் டிரம் நிறையும் வரை குழாயைக் காவல் காத்துக்கொண்டு நிற்பேன். இப்போது அந்த நேரத்தில் கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஹேடோவில் ஒரு ஸ்லிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஷெட்டின் ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை போய் வந்தேன். அதற்கடுத்த இடைவெளியில் சுவர்.

சுவர்தான் கைக்கான பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களை வைத்து, ஒவ்வொரு விரலாக மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு தூரம் போகிறதோ அங்கே ஒரு அடையாளம். மூட்டைகளில் குறி போட என் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். ஷெட் சுவரில் முதல் கோடு என் மூக்குக்கு நேரே விழுந்தது. அடுத்த வாரக் கோடு நெற்றிக்கு நேரே. சுமை தூக்கும் ஆட்களுக்கு இது நல்ல வேடிக்கை. ராஞ்சிக்காரர் ஒருவர் எனக்கு "சிப்கலி மேடம்" என்று பெயர் வைத்தார். பல்லி மேடம். நான் திரும்பி, "பல்லி தலையில விழுந்தா என்ன பலன்னு தெரியுமா? விழட்டுமா?" என்று இந்தியில் கேட்டேன். அன்றிலிருந்து அவரே எனக்கு சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது கீமோ முடிவதற்குள் கோடு ஷெட் கதவின் மேல் கீலை எட்டிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னைப் பெண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், சுவரை மட்டும். மெயின்லேண்டில் படிக்கும் மகனுக்கு அனுப்பினேன். கணவரிடம் தினமும் சொன்னேன். அவர் டெய்ரி ஃபார்மில் மிக்ஸி, மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எதையும் திறந்து பார்க்காமல் நம்ப மாட்டார். அவரே, "ஆங், சரி, சரி" என்று தலையாட்டினார். அதில் ஏதோ இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருப்பவளுக்கு எது இடிக்கும்?

அடுத்த வாரம் வெங்காயக் கப்பல் வந்தது. காலையெல்லாம் மழை பெய்து, மதியத்துக்கு மேல் வெயில் அடித்தது. ஷெட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் நான் வெளியே, தளத்தின் மஞ்சள் கோட்டருகே வந்து நின்றேன். தலையில் ஹெல்மெட், உடம்பில் ஆரஞ்சு நிற வெஸ்ட். கிரேனுக்குக் கையால் சைகை கொடுக்கும் சிக்னல்மேனுக்கும் அதே வெஸ்ட்தான். அவர் பத்தடி தள்ளி நின்று லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். சுவர் இல்லாமலே ஒருதரம் கையைத் தூக்கிப் பார்ப்போமே என்று எனக்குத் தோன்றியது. சுவரில் கதவுக் கீல் வரை போகிற கை, வெறும் காற்றில் போகாதா? இடது கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கினேன். முடிந்தவரை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கண்ணை மூடிப் பத்து எண்ணத் தொடங்கினேன்.

ஆறு எண்ணும்போதே தளத்தில் சத்தம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தேன். முப்பது மூட்டை வெங்காயம் தளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கி, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கிரேன் நின்றிருந்தது. கப்பல் மேலிருந்தவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே தேடினார்கள். சிக்னல்மேன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஃபோர்மேன் ஷெட்டிலிருந்து ஓடிவந்தார்.

"யாருக்கு என்னாச்சு? யக்கா, யாருக்கு அடிபட்டுச்சு?"

துறைமுகத்தில் ஒரு விதி உண்டு. தூக்கச் சொல்லவும் இறக்கச் சொல்லவும் சிக்னல்மேனுக்கு மட்டும்தான் உரிமை. ஆனால் நிறுத்து என்ற சைகையை யார் காட்டினாலும் கிரேன்காரர் நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்கும் நேரத்தில் ஒருவன் நசுங்கிவிடுவான். கையைத் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்டி அப்படியே பிடித்தால் அதுதான் ஸ்டாப்.

சுமையைப் பத்திரமாக இறக்கிவிட்டுக் கிரேன்காரர் கீழே வந்தார். ஸ்ரீகாகுளம் பக்கத்து மனிதர், நிதானமானவர். பத்து வருடப் பழக்கம். "மேடம், ஆப்னே ஸ்டாப் தியா நா?" என்றார். நீங்கள்தானே ஸ்டாப் கொடுத்தீர்கள் என்று.

"ஸ்டாப்பா? நான் எதுக்குய்யா ஸ்டாப் குடுக்கேன்?" என்று தமிழிலேயே கத்திவிட்டு, பிறகு இந்திக்கு மாறினேன். கையைத் தலைக்கு மேலே தூக்கினேன், அது பயிற்சி, சிக்னல் அல்ல என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நஹி மேடம்." தன் கையைத் தோளுக்கு நேராக நீட்டிக் காட்டினார். "இத்னா." இவ்வளவுதான்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எத்தனை கோடு போட்டிருக்கிறேன், ஷெட் சுவரைப் போய்ப் பார் என்றேன். அவர் வாதாடவில்லை. ஷெட்டின் தூணைக் காட்டி, அதில் முதுகை ஒட்டி நேராக நின்று, மறுபடி தூக்கச் சொன்னார். தூக்கினேன். எதிரே ஷெட் சுவரில் வெயில் விழுந்திருந்தது, அதில் என் நிழல். ஹெல்மெட் போட்ட ஒரு நிழல் தன் இடது கையை வேலிக் கம்பு மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் தூக்கு என்று மனதுக்குள் அதட்டினேன். நிழல் அசையவில்லை. கொஞ்சம் உடம்பை வலப்பக்கம் சாய்த்ததும்தான் கை மேலே போனது. அதைப் பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கை ஏறவேயில்லை. ஏறியதெல்லாம் நான்தான். சுவரோடு ஒட்டிக்கொண்டு, குதிகாலை எக்கி, இடுப்பைச் சாய்த்து, விரலை மட்டும் மேலே அனுப்பியிருக்கிறேன். போதாததற்கு அந்த மாதம்தான் எங்களுக்குப் புது சேஃப்டி ஷூ கொடுத்திருந்தார்கள், அடி தடித்த ஷூ. ஒரு கோட்டின் உயரத்தை அந்த ஷூவே கொடுத்திருக்கும். ஊரான் மூட்டையில் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற நான், என் உடம்பின் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. நாலரை மாதத்தில் இரண்டு மாதம் போய்விட்டது, கை தோளிலேயே நிற்கிறது.

ஃபோர்மேன் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டத்தான் செய்தார், ஆனால் குரல் இறங்கிப்போயிருந்தது. "யக்கா, இனிமே வெஸ்ட்ட மாட்டிக்கிட்டுக் கையத் தூக்காதீக. ஷெட்டுக்குள்ள போயி, வெஸ்ட்டக் கழட்டி ஆணில மாட்டிட்டு, அப்பறம் என்ன வேணும்னாலும் செய்ங்க. டென்ஷன் மத் லோ, கவலப்படாதீக" என்று சொல்லிவிட்டு, ஆட்களைப் பார்த்து, "க்யா தேக் ரஹா ஹை? சலோ, சலோ!" என்ன வேடிக்கை, போங்கள் என்று விரட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அன்று தண்ணீர் வரும் நாள். டிரம் நிறையும் வரை நடக்கவும் பிடிக்காமல் கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கணவர் குழாயைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன ஏட்டி, இன்னைக்கு நடக்கல?"

சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நிழலைப் பற்றிச் சொல்லும்போது மூக்கைச் சிந்தினேன். டிரம் நிறைந்து வழிந்தது, அவர் குழாயை நிறுத்தவில்லை.

"ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது" என்றார்.

"என்னது?"

"துணி காயப்போடுத கொடிய நான் எறக்கிக் கட்டிட்டேன். ரெண்டு மாசமாச்சு. நீ கையத் தூக்க முடியாம முழிச்சத ஒருநாள் பாத்தேன். மனசு கேக்கல. ஒரு முழம் எறக்குனேன். மறுவாரம் இன்னும் கொஞ்சம்."

நான் எழுந்து போய்க் கொடியைப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். தூணில் பழைய முடிச்சு இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. இப்போதைய கயிறு என் தாடைக்கு நேரே போனது. இரண்டு மாதமாக நான் அதில் புடவையும் போர்வையும் காயப்போட்டு, கை நன்றாகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ரிப்பேர்க்காரர் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. எனக்கு ஒரே நேரத்தில் அவரை அடிக்கவும் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"நீங்களும் என்ன ஏமாத்துனீங்களா? நான் ஒருத்தி ஏமாத்துனது போதாதா?" என்றேன். "நாளைக்கே பழைய எடத்துக்கு ஏத்திக் கட்டுங்க."

"ஒரேயடியா வேண்டாம். வாரத்துக்கு நாலு விரக்கடை" என்றார். பேரம் படிந்தது.

அடுத்த நாளே போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறைக்குப் போனேன். வங்காளிப் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொன்னேன், வெங்காயத்தையும் சேர்த்து. அவள் சிரித்துவிட்டு, என்னைக் கட்டிலில் மல்லாந்து படுக்க வைத்தாள். படுத்தால் சாய முடியாது, எக்க முடியாது. ஒரு குடையைக் குறுக்காக இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை துணையோடு மற்ற கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னாள். இழுப்பது தெரிய வேண்டும், வலி உயிர் போகக் கூடாது. அந்த அளவில் நிறுத்தி, மூச்சை விட்டு, திரும்ப. சுவரென்றால் முதுகும் குதிகாலும் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரேயடியாக அரை மணி நேரம் மல்லுக்கட்டாதே, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம் போதும் என்று இந்தியில் சொன்னாள். அக்குளில் இழுக்கும் அந்தக் கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளரும், அவசரப்படுத்தினால் முறைத்துக்கொள்ளும் என்றும் சொன்னாள். அவசரம் எனக்குத்தான் இருந்தது, கயிற்றுக்கு இல்லை.

ஷெட் சுவரில் இருந்த கோடுகளையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். ராஞ்சிக்காரர் பதறினார். "அரே, மேடம்! இத்னா மெஹ்னத்!" இவ்வளவு உழைப்பை அழிக்கிறீர்களே என்று. அது பொய்க் கணக்கு என்றேன். ஷூவைக் கழற்றி, முதுகை ஒட்டி, புதுக் கோடு போட்டேன். அது தோளுக்கு நாலு விரல் மேலே விழுந்தது. அவ்வளவுதான் என் சொத்து. ஆனால் அது உண்மையான கோடு. விசித்திரம், அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு ஷெட்டில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. ஸ்லிங் இறங்கும். நான் எண்ணுவேன், கோடு போடுவேன். வலை மேலே கிளம்பியதும் உள்ளே போய் வெஸ்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன். ஆணியில் வெஸ்ட் தொங்கினால் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. பழைய சணல் சாக்கை விரித்துப் படுத்து, குடையோடு ஐந்து தடவை. கிரேன் சுமையோடு திரும்பும் சத்தம் கேட்டதும் எழுந்து வெஸ்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவேன். டாலி தாளின் பின்பக்கத்தில் எனக்கென்று தனிக் கோடுகள். நாலு நின்றவாக்கில், ஒன்று குறுக்கே. யாரிடமும் படம் அனுப்பவில்லை.

எல்லாம் நேராகப் போகவில்லை. ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த மூன்று நாளும் தாளில் ஒரு கோடும் இல்லை. நாலாம் நாள் வீட்டில் கட்டிலிலிருந்து வாசல் வரை நடந்தேன், திரும்பும்போது கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதையும் ஒரு கோடாகப் போட்டேன். கை இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. முன்பென்றால் உட்கார்ந்து அழுதிருப்பேன். இப்போது இரண்டு விரல் என்றால் இரண்டு விரல்தானே என்று தோன்றியது. பத்து நாளில் அதை மீட்டுவிட்டேன். கொடியும் வாரம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் வந்த வாரம் மட்டும் அவர் ஏற்றாமல் விட்டிருந்தார். கேட்டதற்கு, "கயிறு தீந்துட்டு" என்றார். கயிற்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

ஆறாவது கீமோவும் முடிந்து, சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வேலைக்கு வந்தேன். அன்று சிமெண்டுக் கப்பல். கடைசி ஸ்லிங்கும் இறங்கிவிட்டது. கிரேனைப் பூட்டிவிட்டு இறங்கி வந்த கிரேன்காரரைக் கூப்பிட்டேன். உங்கள் கண்ணைத்தான் நம்புவேன், சரியாகச் சொல்லுங்கள் என்றேன். தூணில் முதுகையும் குதிகாலையும் ஒட்டினேன். ஷூ இல்லை. இடது கையைத் தூக்கினேன். தோளைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது. அக்குளில் அந்தக் கயிறு இழுத்தது, மூச்சை விட்டேன், இன்னும் கொஞ்சம் போனது. காதைத் தொடவில்லை. காதுக்கும் கைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது. அங்கேயே நிறுத்தினேன்.

அவர் அவசரப்படவில்லை. முன்னால் நின்று பார்த்தார், பக்கத்தில் போய்ப் பார்த்தார். ஃபோர்மேனும் சிக்னல்மேனும் ராஞ்சிக்காரரும் வந்து நின்றுவிட்டார்கள்.

"இப்ப என்ன சிக்னல்?" என்று கேட்டேன்.

"யே ஸ்டாப் நஹி ஹை, மேடம்" என்றார். இது ஸ்டாப் இல்லை. பிறகு விரலால் என் நெஞ்சைச் சுட்டிக்காட்டினார். "லேகின் வெஸ்ட்?" ஆனால் வெஸ்ட்?

குனிந்து பார்த்தேன். சந்தோஷத்தில் வெஸ்டைக் கழற்ற மறந்திருந்தேன். ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டார்.

சென்னையில் அந்த அறை குளிராக இருந்தது. மேஜையில் படுக்கவைத்து, கையைத் தூக்கி ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். காதுக்கு இரண்டு விரல் குறைகிறதே என்று அங்கே நின்றவர்களின் முகத்தையே பார்த்தேன். டெக்னீஷியன் பையன் குனிந்து பார்த்தான், ஏதோ அளந்தான். "போதும்மா, நல்லாவே வருது" என்றான். இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டானே என்று இருந்தது. நாலரை மாதம், எத்தனை சுமை, எத்தனை கோடு!

"நாங்க வெளிய போயிடுவோம்மா. கேமரால உங்களைப் பாத்துக்கிட்டே இருப்போம். அசையாதீங்க. முடியலன்னா, நிறுத்தணும்னா, வலது கையை மட்டும் காட்டுங்க. உடனே நிறுத்திடுவோம்" என்றான்.

"யாரு காட்டுனாலும் நிறுத்தணும், அதானே?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கதவு மூடியது.

மெஷின் மெல்ல என் மேல் சுற்றத் தொடங்கியது. தலைக்கு மேலே இடது கை தாங்கியில் கிடந்தது. அக்குளில் இழுத்தது, பிறகு கை மரத்தது, பிறகு தோள் நடுங்கப் பார்த்தது. மூச்சை விட்டேன். ஒரு ஸ்லிங் உள்ளே போகிறது, ஆட்கள் அடுக்குகிறார்கள், மேலே வருகிறது, இறங்குகிறது. ஒரு கோடு. மறுபடி. நாலு கோடு நின்றவாக்கில், ஐந்தாவது குறுக்கே விழுவதற்கு முன்பே கதவு திறந்தது.

வலது கையை நான் தொடையோடு ஒட்டி வைத்திருந்தேன்.